துளையில்லாத வினா

2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்திற்கு, எழுத்து வினா எண் 2417 நீர்வழிப் போக்குவரத்துத் துறையின் வினாப் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. வினா ஐந்து கூறுகள் கொண்டது. அனுப்பியவர் எதிர்க்கட்சிப் பேரவை உறுப்பினர் ஒருவர். அமைச்சர் அதற்கான பதிலை அதே மாதம் இருபத்தொன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, பேரவையில் வைக்க வேண்டும். வினாவைப் பெற்று, வரவுப் பதிவேட்டில் ஏற்றி, சுருக்கொப்பம் இட்டவள் பிரிவு அலுவலர். அந்த வினாவின் ஒவ்வொரு சொல்லையும் பதினாறு நாள்களுக்கு முன் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதியவளும் அவளே.

துறையில் அவளுக்கு ஊசியம்மாள் என்று பெயர். எவர் கேட்ட வினாவாக இருந்தாலும், ஒரு நூல் நுழையும் அளவுக்கு அதில் துளை இருந்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் வந்த பெயர். இருபத்தாறு ஆண்டுகளாக அவளுக்கு அதுதான் வேலை. உறுப்பினர் எழுத்தில் கேட்டால் அரசு எழுத்தில் பதில் சொல்லியே தீர வேண்டும். சொல்லும் பதில் பொய்யாக இருக்கக் கூடாது. பொய்யும் சொல்லாமல், உண்மையையும் சொல்லாமல் பக்கத்தை நிரப்பத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்தில் பலர் இருந்தார்கள். அவளுக்கு நிகரானவர் எவரும் இல்லை.

ஒருமுறை ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார்: வடகரைப் படகுத்துறையின் நடைமேடை இடிந்து விழுந்தது உண்மையா? ஆம் எனில், எப்போது சரிசெய்யப்படும்? தாமதத்துக்குப் பொறுப்பு யார்? நடைமேடை இடிந்து விழவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, தூண் வெடித்து, விழுவதற்குக் காத்திருந்தது. ஊசியம்மாள் எழுதினாள்: முதற்கூறுக்கு, 'இல்லை.' மற்ற இரண்டுக்கும், 'வினா எழவில்லை.' அன்று மேலதிகாரி அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினார். இரண்டு மாதம் கழித்து நடைமேடை விழுந்தது. அந்த உறுப்பினர் மறுபடி கேட்கவில்லை. அவருக்கு அதற்குள் வேறு வினாக்கள் வந்துவிட்டன. அந்தப் பாராட்டு நாவில் இனித்ததை அவள் இப்போது நினைத்தால் வாய் கசந்தது.

அவளுடைய தம்பி அதே துறையில் பயணிகள் படகு ஓட்டினான். 2013ஆம் ஆண்டு ஜனவரி ஒன்பதாம் நாள் காலை அவன் ஓட்டிய படகு பாலத்தின் தூணில் மோதிக் கவிழ்ந்தது. பயணிகள் ஏழு பேர் இறந்தார்கள். எட்டாவது உடல் அவனுடையது. மூன்றே வாரத்தில் விசாரணை முடிந்தது: 'விபத்துக்குக் காரணம் ஓட்டுநரின் கவனக்குறைவு.' செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? துறை அவன் தலையில் பழியைக் கட்டிவிட்டுக் கை கழுவியது. பள்ளிக்கூடத்தில் அவனுடைய பன்னிரண்டு வயது மகளை, ஏழு பேரைக் கொன்றவன் பெண் என்றார்கள். அவள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று இரண்டு பிள்ளைகள் எழுதியே கொடுத்தார்கள்.

உண்மை என்னவென்று ஊசியம்மாளுக்குத் தெரியும். சுக்கானைத் திருப்பும் சங்கிலி வழுக்குகிறது என்று தம்பி மூன்று முறை பழுதுப் பதிவேட்டில் எழுதியிருக்கிறான். எழுதிய ஒவ்வொரு முறையும் அக்காவிடம் வந்து சொல்லியும் இருக்கிறான். பதிவேட்டில் ஒரு பழுதை எழுதினால் மூன்று படிகள் உண்டாகும். வெள்ளைத் தாள் பழுது பார்ப்பவர்களுக்குப் போகும். மஞ்சள் தாள் படகுத்துறை அலுவலகத்துக்குப் போகும். ரோஸ் நிறத் தாள், கண்காணிப்பாளர் ஒப்பமிட்டதும், பணிமனையில் இருக்கும் பதிவேட்டிலேயே தங்கிவிடும். விபத்துக்குப் பின் வெள்ளையும் மஞ்சளும் காணாமற்போயின. ரோஸ் இருந்தது. ஆனால் அந்தப் பதிவேட்டை வெளியாள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும், ஏதாவது விலக்கைக் காட்டிக் காலக்கெடு தாண்டும்வரை இழுத்துவிடுவார்கள். பேரவை கேட்டால் மட்டும் மறுக்க வழியில்லை. பேரவையில் வைக்கும் பதிலில் இடம்பெற்றுவிட்ட ஆவணத்தை எக்காலத்திலும் அழிக்கக் கூடாது என்பது விதி. இடம்பெறாத பழுதுப் பதிவேட்டைக் கடைசிப் பதிவிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து அழித்துவிட வேண்டும் என்பதும் விதி. பதினான்கு மாதங்கள் ஓடிவிட்டன.

ஆகவே அவள், வாழ்நாளில் முதல் முறையாக, மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து வினா எழுதினாள். எழுதி, மறு ஞாயிறு காலை அந்த எதிர்க்கட்சி உறுப்பினரின் வீட்டுக்குப் போனாள். கூட்டத்தொடருக்கு நூறு வினாவுக்குக் குறையாமல் அனுப்புகிறவர் அவர். பத்திரிகைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் செஞ்சுரி.

அவள் யாரென்று தெரிந்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஊசியம்மாவா! ஆறு வருஷமா என் கேள்விக்கெல்லாம் தண்ணி காட்டுற மகராசி நீங்கதானா? உங்களுக்கு ஒரு கும்பிடு போடணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டிருந்தேன்மா."

"பதில் அமைச்சரோடது. நான் எழுதுறது வரைவு மட்டும்."

"பாரு, பாரு!" அவர் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "நம்ம வீட்டு நாற்காலியில உக்காந்துக்கிட்டே நழுவுறாங்க!"

தாளை நீட்டியதும் சிரிப்பு அடங்கியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"ஒரு 'ஆம் எனில்' கூட இல்லையே?"

"அது இருந்தா, முதல் கதவச் சாத்தினாப் போதும், மத்ததெல்லாம் தானாச் சாத்திக்கும். உங்க கேள்வி அத்தனையும் அப்படித்தான் செத்துது. இதுல அஞ்சுக்கும் தனித்தனிக் கதவு. அஞ்சையும் தொறந்துதான் ஆகணும்."

"அதென்ன, ரோஸ் கலர் தாளு?"

"வெள்ளையும் மஞ்சளும் தொலைஞ்சு போச்சும்பாங்க. ரோஸ் தொலையாது. அதுல பணிமனைக் கண்காணிப்பாளர் என்னிக்குக் கையெழுத்துப் போட்டார்னு தேதி கேட்டிருக்கேன். தேதி வந்துட்டா, எல்லாம் தெரிஞ்சும் படகை விட்டாங்கங்குறது வந்துடும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "படகு ஓட்டினவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு அவர், "கேட்டுடுறேன்மா" என்றார்.

"நடுவுல விட்டுட மாட்டீங்களே?"

"செஞ்சுரி அடிக்கிறவன் நடு ஆட்டத்துல மட்டையக் கீழ போடுவானா? போய் நிம்மதியா இருங்க."

அவள் நிம்மதியாகத்தான் திரும்பினாள்.

வினா பிரிவுக்கு வந்த அன்று அவளுக்கு அடுத்து அதைப் படித்தவள் தட்டச்சர். பதினோரு ஆண்டு அவளோடு வேலை செய்தவள். வாய் சும்மா இராது.

"அக்கா, செஞ்சுரிக்கு யாரோ நல்ல ஆள் கெடச்சிருக்கு. இதுல உங்க ஊசி எறங்காது போலிருக்கே! எங்க குத்துவீங்க?"

"வேலையப் பாரு."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். கேள்வி கேக்குற மாதிரியே இல்ல. நம்ம பிரிவு சுற்றறிக்கை மாதிரி இருக்கு."

தட்டச்சருக்கே தெரிந்தது துணைச் செயலாளருக்குத் தெரியாமல் போகுமா? மறுநாளே கூப்பிட்டனுப்பினார். அவளைவிடப் பதினாறு வயது இளையவர். அவருடைய மேசையில் எப்போதும் ஒரு தாளும் இராது. இருந்தால் அது எவர் தலைக்கோ வந்த கத்தி என்று அர்த்தம். இன்று ஒரு தாள் இருந்தது.

"உக்காருங்கம்மா. நல்ல கேள்வி."

"ஆமா சார்."

"ரொம்ப நல்ல கேள்வி. இவரோட பழைய கேள்விக் கட்டு ரெண்டு வரவழைச்சுப் பாத்தேன். எல்லாமே ஓட்டைச் சல்லடை. இதுல ஒரு பொத்தல் இல்ல. சரி, யாரோ வக்கீல் எழுதிக் குடுத்திருக்கலாம்னு வச்சுக்குவோம். ரோஸ் கலர் தாள் வக்கீலுக்கு எப்படித் தெரியும்? எனக்கே நேத்துதான் தெரியும்."

"விதித் தொகுப்புல இருக்கு சார். நாலாம் பின்னிணைப்பு."

"அத வரி விடாமப் படிச்சவங்க இந்தக் கட்டடத்துல எத்தன பேர்ம்மா?"

 துளை வைக்காமல் தைத்ததே தன் கையைக் காட்டிக் கொடுத்துவிட்டது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றவர்களைப்போல் இரண்டு கூறுகளை ஓட்டையாக எழுதி, நடுவில் ரோஸைச் செருகியிருந்தால் எவரும் கவனித்திருக்க மாட்டார்கள். அப்படி எழுத அவளுக்குக் கை வராது.

"நான் எதுவும் கேக்கல" என்றார் அவர், மிகவும் மரியாதையாக. "நீங்களும் எதுவும் சொல்ல வேண்டாம். பதில நீங்களே எழுதுங்க. பதினெட்டாம் தேதி சாயங்காலம் என் மேசைக்கு வந்தாப் போதும்."

பதினான்காம் நாள் பணிமனையிலிருந்து பதிவேடு வந்தது. கொண்டுவந்தவனிடம் ஒப்பம் இட்டு வாங்கி, மேசைமேல் வைத்து, கதவைப் பார்த்துவிட்டுத் திறந்தாள். எண்ணெய்க் கறை படிந்த அட்டை. ரோஸ் தாள்கள் வெளிறியிருந்தன. நவம்பர் பத்தொன்பது: 'சுக்கான் சங்கிலி இடது பக்கம் வழுக்குது. பாக்கவும்.' டிசம்பர் ஏழு: 'சங்கிலி அப்படியே இருக்கு. திருப்பினா கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் படகு திரும்புது.' ஜனவரி இரண்டு: 'மூணாவது தடவ எழுதுறேன். ஆளுங்கள ஏத்தவே பயமா இருக்கு.' ஒவ்வொன்றின் கீழும் பணிமனைக் கண்காணிப்பாளரின் ஒப்பம், அதே நாள் தேதி, அவர் கைப்பட ஒரு வரி: 'அடுத்த பராமரிப்பில் பார்க்கலாம்.'

அடித் தாள்வரை எழுத்து விழ வேண்டுமே என்று தம்பி அழுத்தி அழுத்தி எழுதியிருந்தான். தாளைத் திருப்பி முதுகுப்பக்கம் தடவினால் எழுத்துகள் புடைப்பாக விரலில் தட்டுப்பட்டன. மூன்றாவது பதிவில் பேனா தாளையே கிழித்திருந்தது. ஊசியம்மாள் அந்தக் கிழிசலின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். சங்கிலிப் பழுது பதிவேட்டில் எழுதப்பட்டதா என்ற முதற்கூறுக்கு, 'ஆம்.' இரண்டாம் கூறுக்கு மூன்று தேதிகள். மூன்றாம் கூறுக்கு, 'பழுது நீக்கப்படவில்லை.' நான்காம் கூறுக்குக் கண்காணிப்பாளர் ஒப்பமிட்ட தேதிகள். ஐந்தாம் கூறுக்கு, 'விசாரணை அலுவலர் இப்பதிவேட்டைப் பார்வையிடவில்லை.' இருபத்தாறு ஆண்டில் அவள் எழுதிய மிகச் சிறிய வரைவு அதுதான்.

தட்டச்சு இயந்திரத்தின் ஓசை பாதியில் நின்றது.

"அக்கா, இது இப்படியேவா மேல போகுது?"

"இப்படியே போகுது."

"படகோட்டினவரு உங்க..." என்று தொடங்கிய தட்டச்சர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மீதியை விழுங்கிக்கொண்டு தட்டி முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பதிவேட்டில் கண்டதை எல்லாம் ஒன்று விடாமல் கேட்டவள், கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒரு போட்டோ எடுத்துட்டு வந்திருக்கலாமே அண்ணி? போன் கையிலதானே இருந்துச்சு?"

"கோப்புல இருக்குறத வெளிய கொண்டு வந்தா அது திருட்டு."

"என் புருஷன் பேரத் திருடினது?"

"கொஞ்சம் பொறு. நான் போட்டோ காட்டினா, போலின்னு ஒரே வார்த்தையில ஊதித் தள்ளிடுவாங்க. வெள்ளிக்கிழம அவையில வச்சா, அது அச்சுல ஏறும். அப்புறம் எந்தக் கொம்பனும் அழிக்க முடியாது. முறையா வர்றதுக்குத்தான் மதிப்பு."

"முறையாத்தான் அவரும் மூணு தடவ எழுதினாரு" என்றாள் தம்பி மனைவி, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உள்ளேயிருந்து சிறுமி எட்டிப் பார்த்தாள். "அத்தை, அந்த அச்சுப் புத்தகம் எங்க ஸ்கூலுக்கும் வருமா?"

"நூலகத்துக்கெல்லாம் வரும்டா கண்ணு. நானே ஒண்ணு வாங்கிட்டு வந்து உங்க டீச்சர் கையில குடுக்குறேன்."

செவ்வாய் மாலை கோப்பு மேலே போனது. புதன் முழுவதும் ஓசையில்லை. திருத்தம் கேட்டு வரும், மிரட்டல் வரும், 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்று பூசி மெழுகச் சொல்வார்கள் என்று எல்லாவற்றுக்கும் அவள் ஆயத்தமாக இருந்தாள். ஒன்றும் வரவில்லை. இருபதாம் நாள், வியாழன் மாலை நான்கு மணிக்குப் பேரவைச் செயலகத்தின் மறுநாள் பட்டியல் வந்தது. எண் 2416க்கு அடுத்து 2418 இருந்தது. அடிக்குறிப்பு சொன்னது: 'வினா எண் 2417 உறுப்பினரால் திரும்பப் பெறப்பட்டது.'

பட்டியலில் சற்று மேலே, அதே உறுப்பினரின் வேறொரு வினா இருந்தது. ஆற்றின் வளைவில் உள்ள ஒன்பது கிராமங்களுக்குப் படகுத்துறை அமைக்கப்படுமா என்று கேட்டிருந்தார். ஆறு ஆண்டுகளாக அவர் கேட்பதும், 'பரிசீலனையில் உள்ளது' என்று ஊசியம்மாள் எழுதுவதும் வாடிக்கை. இம்முறை அந்தக் கோப்பு அவளிடம் வரவே இல்லை. பட்டியலோடு இணைந்திருந்த பதிலைத் துணைச் செயலாளரே எழுதியிருந்தார்: 'ஆம். இந்த ஆண்டே.'

அவள் தொலைபேசியை எடுத்தாள். இரண்டாம் முறை அடித்தபோது அவரே பேசினார்.

"தெரியும்மா, கூப்பிடுவீங்கன்னு தெரியும். உங்க பேர நான் சொல்லல. அது சத்தியம்."

"சொல்லத் தேவையில்ல. அத நானே எழுதி வச்சுட்டேன்."

"கொஞ்சம் கேளுங்க. அந்த ஒன்பது ஊர்ல பிரசவ வலி வந்தா கட்டில்ல தூக்கிட்டு வர்றாங்க. ஆறு வருஷம் கேட்டேன். நீங்கதான் எழுதினீங்க, பரிசீலனை, பரிசீலனைன்னு. ஒரு கேள்விய விட்டேன், ஒரு படகுத்துறை கெடச்சுது. உங்க தம்பி திரும்பி வரப் போறாரா, சொல்லுங்க?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. பொய்யில்லாத பதிலைத் தயாரிப்பது எவ்வளவு எளிது என்று அவளைவிட நன்றாக அறிந்தவர் எவர்?

"அந்த ஒன்பது ஊருக்கு விடப் போற படகும் அந்தப் பணிமனையிலேர்ந்துதான் வரும்" என்றாள். "சங்கிலிய யாரு பாக்கணும்னு கேக்குற கேள்வியத்தான் நீங்க வித்துட்டீங்க."

மறுமுனையில் அவர் யாரிடமோ கதவைச் சாத்தச் சொன்னார்.

"அடுத்த கூட்டத்தொடர்ல கேக்குறேம்மா."

"அடுத்த கூட்டத்தொடர் ஆகஸ்ட்ல. பதிவேடு ஜூலையில எரிஞ்சுடும்."

வைத்துவிட்டாள். தட்டச்சர் ஒரு டம்ளர் தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு, முதல் முறையாக, எதுவும் பேசாமல் போனாள். பதிவேட்டைத் திரும்ப அனுப்பச் சொல்லி அதற்குள் ஆணை வந்திருந்தது. அது இன்னும் அவள் இழுப்பறையில்தான் இருந்தது. கைப்பையில் போனும் இருந்தது. இழுப்பறையைத் திறந்தாள். ஜனவரி இரண்டாம் தேதித் தாளை எடுத்து வெளிச்சத்தில் வைத்தாள். போனைக் கையில் எடுத்தாள். அறைக் கதவு திறந்து, துணைச் செயலாளரின் உதவியாளர் உள்ளே வந்து, பதிவேட்டை ஐயா இப்போதே கேட்கிறார் என்றார். அவள் போனைப் பைக்குள் வைத்தாள். பதிவேட்டை மூடினாள். பெறுகைச் சீட்டில் அவர் ஒப்பமிடும் இடத்தை, பழக்கத்தால், விரலால் சுட்டிக் காட்டினாள்.

அன்று மாலை தம்பி மனைவி கதவைத் திறந்தவள், அண்ணி வந்திருக்கும் கோலத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். திட்டவில்லை. அழவில்லை. "உள்ள வாங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள். சிறுமி ஓடி வந்து, "நாளைக்குத்தானே அத்தை?" என்று கேட்டாள்.

"இல்லடா" என்றாள் ஊசியம்மாள். 

முடிவாக நடந்தவை இவை. மார்ச் இருபத்தொன்றாம் நாள் வினா எண் 2417க்குப் பேரவையில் பதில் எதுவும் வைக்கப்படவில்லை. வரைவுப் பதில் 'மேல்நடவடிக்கை தேவையில்லை' என்ற குறிப்புடன் கோப்பில் கட்டப்பட்டது. ஏப்ரல் முதல் நாளிலிருந்து பிரிவு அலுவலர் நிருவாக நலன் கருதிப் பழைய ஆவணக் காப்பறைக்கு மாற்றப்பட்டாள். உறுப்பினர் அக்கூட்டத்தொடரில் நூற்று நான்கு வினாக்கள் அனுப்பியவர் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் கணக்கில் திரும்பப் பெற்ற வினாவும் சேரும். ஒன்பது கிராமங்களுக்கான படகுத்துறைக்கு மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. சிறுமி வேறு பள்ளியில் சேர்க்கப்பட்டாள். ஜூலை பதினான்காம் நாள், காலக்கெடு முடிந்த அறுபத்திரண்டு பழுதுப் பதிவேடுகளை அழிக்கலாம் என்று துணைச் செயலாளர் ஆணையிட்டார். பட்டியலில் முப்பத்தெட்டாவதாக அந்தப் பதிவேடும் இருந்தது. பட்டியல் விதிப்படி காப்பறைக்கு வந்தது. விதிப்படி அவள் அதைச் சரிபார்த்துச் சுருக்கொப்பம் இட்டாள். விபத்துக்குக் காரணம் ஓட்டுநரின் கவனக்குறைவு என்ற விசாரணை முடிவில் மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை.